வளரும் பிள்ளைக்கு எந்தப் பால்? வயது, அளவு, எடை பார்த்துத் தேர்ந்தெடுக்க முழுமையான வழிகாட்டி

“பிள்ளைக்குப் பசும்பால் கொடுக்கலாமா, எருமைப் பால் கொடுக்கலாமா?” பெரும்பாலான வீடுகளில் பேச்சு இங்கேதான் தொடங்குகிறது. உண்மையில் இது ஐந்தாவதாக வர வேண்டிய கேள்வி. முதலில் வயது. அடுத்து, நாளைக்கு எத்தனை மில்லி. மூன்றாவது, எடை. நான்காவது, கவரில் அச்சிட்டிருக்கும் கொழுப்பு எண். இந்த நான்கையும் வரிசையாகப் பார்த்துவிட்டால், எந்த மாட்டின் பால் என்பது சின்ன விஷயமாகிவிடும்.

வரிசை மாறினால் என்ன ஆகும்? ஒன்றரை வயதுப் பிள்ளைக்கு விலை கூடிய பாலைத் தேடிப்பிடித்து வாங்குவார்கள். நாளைக்கு 1 லிட்டர் கொடுப்பார்கள். பிள்ளை சோற்றைத் தொடாது. ஆறு மாதத்தில் ரத்தசோகை வந்து நிற்கும். அங்கே பால் வகையில் பிழையே இல்லை, அளவில்தான் பிழை.

கீழே சொல்வது தமிழ்நாட்டுக் கடைகளில் கிடைக்கும் பாலை வைத்து.

## தொடங்கும் முன் எடுத்து வைக்க வேண்டியவை

தாய் சேய் நல அட்டை, அல்லது பிள்ளையின் எடையைக் குறித்து வைத்த நோட்டு. கடைசி எடை இரண்டு மாதத்துக்கு மேல் பழையது என்றால் அங்கன்வாடியிலோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ மறுபடி நிறுத்துப் பார்த்துவிடுங்கள். “பார்க்க ஒல்லியாகத் தெரிகிறான்” என்பதை வைத்துப் பாலை முடிவு செய்யக் கூடாது.

மில்லி கோடு போட்ட அளவுக் குவளை ஒன்று. மருந்துக் கடையிலும் பாத்திரக் கடையிலும் கிடைக்கும். உங்கள் வீட்டு டம்ளரில் தண்ணீர் நிரப்பி அதில் ஊற்றிப் பாருங்கள். ஒரே அடுக்களையில் 120 மி.லி. டம்ளரும் இருக்கும், 250 மி.லி. டம்ளரும் இருக்கும். “இரண்டு டம்ளர் குடிக்கிறாள்” என்றால் 240ஆ 500ஆ என்று தெரியாமல் கணக்கே போட முடியாது. பாட்டி ஆழாக்கில் அளப்பவர் என்றால் அது ஏறக்குறைய 168 மி.லி.

இப்போது வாங்கும் பாலின் கவர், கழுவி மடித்தது. கடைசியாக ஒரு தாளும் பென்சிலும்.

## 1. வயதை மாதக் கணக்கில் எழுதுங்கள்

“ஒரு வயசு இருக்கும்” என்பது போதாது. 10 மாதமும் 14 மாதமும் பால் விஷயத்தில் வேறு வேறு உலகம்.

6 மாதம் முடியும் வரை தாய்ப்பால் மட்டும். தண்ணீர்கூட வேண்டாம். தாய்ப்பாலுக்கு வழியே இல்லாத நிலையில் மருத்துவர் சொல்லும் பால்மாவைத்தான் கொடுக்க வேண்டும். டப்பாவில் எழுதிய அளவுக்கு மேல் தண்ணீர் சேர்த்து மாவை நீட்டிப்பது பிள்ளையைப் பட்டினி போடுவதற்குச் சமம்.

6 முதல் 12 மாதம் வரை தாய்ப்பாலோடு இட்லி, பருப்புச் சோறு, கேழ்வரகுக் கூழ், முட்டை. இந்த வயதில் பசும்பாலை முக்கிய பானமாக்க வேண்டாம் என்பதற்குக் காரணங்கள் உண்டு. அதில் இரும்புச் சத்து மிகக் குறைவு. புரதமும் உப்புகளும் அந்தச் சிறுநீரகத்துக்கு அதிகம். சில குழந்தைகளுக்குக் குடலில் கண்ணுக்குத் தெரியாத அளவில் ரத்தம் கசியவும் செய்கிறது. ஆனால் கூழில் சேர்க்கிற இரண்டு கரண்டி பால், ஒரு சின்னக் கிண்ணம் தயிர்ச் சோறு, இவை பிரச்சினை இல்லை. “பால் கூடாது” என்று கேட்டுவிட்டுத் தயிரையும் நிறுத்திவிடுகிறவர்கள் உண்டு. அது தேவையற்ற பயம்.

12 முதல் 24 மாதம் வரை, கொழுப்பு எடுக்காத பால். மூளை வேகமாக வளரும் காலம் இது, கொழுப்பு தேவை. தாய்ப்பாலை 2 வயது வரையும் அதற்கு மேலும் தொடரலாம். நாளைக்கு மூன்று நான்கு முறை தாய்ப்பால் குடிக்கிற ஒன்றரை வயதுப் பிள்ளைக்கு வெளிப் பால் அரை லிட்டர் எதற்கு? 200 மி.லி. அளவும் கொஞ்சம் தயிரும் போதும்.

2 வயதுக்கு மேல் எடை பார்த்துக் கொழுப்பை மாற்றலாம். அது மூன்றாம் படியில்.

## 2. மூன்று நாள் கணக்கு எழுதி, அளவை முடிவு செய்யுங்கள்

வழக்கமான மூன்று நாள்களைத் தேர்ந்தெடுங்கள். காய்ச்சல் நாளும் விருந்து நாளும் வேண்டாம். பிள்ளை குடித்த பால், சாப்பிட்ட தயிர், பாயசத்தில் போன பால், எல்லாவற்றையும் மில்லியில் எழுதுங்கள். 100 கிராம் தயிரை 100 மி.லி. பாலாக எண்ணலாம். மீதம் வைத்ததைக் கழித்துவிடுங்கள்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்.) 2020இல் வெளியிட்ட பரிந்துரைப்படி 1 முதல் 3 வயதுக்கு நாளைக்கு 500 மி.கி. கால்சியம் வேண்டும். 4 முதல் 6 வயதுக்கு 550, 7 முதல் 9 வயதுக்கு 650. பசும்பாலில் 100 மில்லிக்குச் சுமார் 118 மி.கி. இருக்கிறது. ஆக 400 மி.லி. பாலிலேயே 470 மி.கி. வந்துவிடுகிறது. மிச்சத்தைக் கேழ்வரகும் கீரையும் பருப்பும் பார்த்துக்கொள்ளும். சின்னப் பிள்ளைக்கு 300 முதல் 400 மி.லி. நல்ல அளவு, 500 மில்லியை உச்ச வரம்பாக வைத்துக்கொள்ளுங்கள்.

அதைத் தாண்டினால் என்ன கெடும் என்பதைக் கணக்காகவே பார்க்கலாம். 3 சதவீதக் கொழுப்புள்ள பால் 800 மி.லி. என்றால் ஏறக்குறைய 460 கலோரி. இரண்டு வயதுப் பிள்ளையின் ஒரு நாள் தேவையே 1,100 கலோரி அளவுதான். வயிற்றில் ஐந்தில் இரண்டு பங்கைப் பால் பிடித்துக்கொண்டது. அந்த 800 மில்லியில் இரும்புச் சத்து ஒன்றரை மில்லிகிராம்கூடத் தேறாது. தேவையோ 8 மி.கி. போதாததற்கு, பாலிலுள்ள கால்சியமும் கேசின் புரதமும் மற்ற உணவிலிருந்து வரும் இரும்பையும் உடலில் சேரவிடாமல் தடுக்கின்றன. மலச்சிக்கலும் கூடவே வரும்.

தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பின் 2019-21 சுற்றில், நாட்டில் 5 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளில் 67 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருந்தது. இதற்குப் பால் ஒன்றே காரணம் என்று சொல்ல முடியாது. ஆனால் “சாப்பிடவே மாட்டேங்கிறான், பால் மட்டும்தான்” என்று சொல்லும் வீட்டில் முதலில் குறைக்க வேண்டியது பாலைத்தான்.

குறைக்கும்போது, சாப்பாட்டுக்கு முந்திய ஒன்றரை மணி நேரத்துப் பாலை முதலில் எடுத்துவிடுங்கள். பசி அங்கேதான் சாகிறது.

## 3. எடையைப் பார்த்துக் கொழுப்பை முடிவு செய்யுங்கள்

அட்டையிலுள்ள வளர்ச்சிக் கோட்டில் கடைசி நான்கைந்து புள்ளிகளைப் பாருங்கள். ஒற்றைப் புள்ளி எதையும் சொல்லாது, கோடு போகும் திசைதான் சொல்லும். பக்கத்து வீட்டுப் பிள்ளையின் எடை இந்தக் கணக்கில் வரவே கூடாது.

புள்ளிகள் தன் வழியில் ஏறிக்கொண்டிருந்தால் 3 முதல் 4.5 சதவீதக் கொழுப்புள்ள எந்தப் பாலும் சரி.

கோடு படுத்துவிட்டால், அல்லது கீழே இறங்கினால், 6 சதவீதப் பாலுக்கு மாறலாம். ஆனால் அதில் பெரிய மாயம் எதையும் எதிர்பார்க்காதீர்கள். 400 மில்லியில் 3 சதவீதத்துக்கும் 6 சதவீதத்துக்கும் உள்ள வித்தியாசம் 12 கிராம் கொழுப்பு, அதாவது 108 கலோரி. பருப்புச் சோற்றில் இரண்டரைத் தேக்கரண்டி நெய் விட்டாலும் அதே கணக்குதான். முதலில் சோற்றைக் கவனியுங்கள். இரண்டு மாதமாக எடை ஏறவே இல்லை என்றால் பாலை மாற்றிக்கொண்டிருக்காமல் மருத்துவரிடம் போங்கள்.

எடை அளவுக்கு மேல் போகிறது, வயது 2க்கு மேல் என்றால் 3 சதவீதத்துக்கு இறங்குங்கள். இங்கேயும் ஒரு கணக்கு இருக்கிறது. 400 மில்லியில் 4.5இலிருந்து 3க்கு இறங்கினால் குறைவது 54 கலோரி. அதே பாலை இரண்டு டம்ளராகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் இரண்டு தேக்கரண்டி சர்க்கரை போட்டால் கூடுவது 80 கலோரி. கவரின் நிறத்தை மாற்றுவதைவிடச் சர்க்கரை டப்பாவை மூடுவது அதிகப் பலன் தரும்.

1.5 சதவீதப் பாலும் கொழுப்பு முழுக்க எடுத்த பாலும் 2 வயதுக்குள் கூடவே கூடாது. அதற்கு மேலும் மருத்துவர் சொன்னால் மட்டும்.

வெளிநாட்டுக் குறிப்புகளைப் படித்துவிட்டு, “இரண்டு வயதுக்கு மேல் கொழுப்புக் குறைந்த பால்தான்” என்று உடனே மாற்றிவிடுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அமெரிக்காவில் முழுக் கொழுப்புப் பால் என்று விற்பதிலேயே கொழுப்பு 3.25 சதவீதம்தான். நம் ஊர் 3 சதவீத டோன்டு பால் கிட்டத்தட்ட அதே அளவு. நம்மிடம் “கெட்டிப் பால்” என்பது அவர்கள் அளவுகோலில் இல்லவே இல்லை.

## 4. கவரில் நிறத்தைப் பார்க்காதீர்கள், எண்ணைப் படியுங்கள்

இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் வகுத்த தரப்படி, டோன்டு பாலில் கொழுப்பு குறைந்தது 3 சதவீதம், கொழுப்பு அல்லாத திடப்பொருள் 8.5 சதவீதம். டபுள் டோன்டு என்றால் 1.5, 9. ஸ்டாண்டர்டைஸ்டு என்றால் 4.5, 8.5. ஃபுல் கிரீம் என்றால் 6, 9.

கொழுப்பு அல்லாத திடப்பொருள் என்ற இரண்டாவது எண்ணைப் பலர் கண்டுகொள்வதில்லை. புரதம், கால்சியம், பால் சர்க்கரை எல்லாம் இருப்பது அதில்தான். மேலே உள்ள வரிசையை மறுபடி பாருங்கள். கொழுப்பு 1.5இலிருந்து 6 வரை தாவுகிறது, இரண்டாவது எண்ணோ 8.5க்கும் 9க்கும் நடுவிலேயே நிற்கிறது. அதாவது, விலை கூடிய பாலில் கூடுவது பெரும்பாலும் கொழுப்பு மட்டும். கால்சியம் கூடும் என்று நினைத்து 6 சதவீதக் கவருக்கு மாறினால் ஏமாற்றம்தான்.

ஆவினில் பலருக்கும் பழகிய நிறங்கள்: நீலம் 3 சதவீதம், பச்சை 4.5, ஆரஞ்சு 6. ஊதாக் கவர் 3.5 சதவீதத்தோடு 2023இல் வந்தது. தனியார் நிறுவனங்களில் நிறம் அவரவர் விருப்பம். ஒருவரின் நீலம் இன்னொருவரின் பச்சை. கடை மாறினால் நிறத்தைச் சொல்லிக் கேட்காமல், “மூணு பெர்சன்ட் பால் குடுங்க” என்று கேளுங்கள்.

அதே கவரில் இன்னும் இரண்டு இடங்கள். ஒன்று, பயன்படுத்த வேண்டிய கடைசித் தேதி. மற்றொன்று, நீல நிற ‘+எஃப்’ முத்திரை. அது இருந்தால் வைட்டமின் ஏ, டி சேர்த்த பால் என்று பொருள். வீட்டுக்குள்ளேயே இருந்து வெயில் படாமல் வளரும் பிள்ளைக்கு, இரண்டு கவர்கள் ஒரே விலையில் இருந்தால் முத்திரை உள்ளதை எடுங்கள். சேர்ப்பது லிட்டருக்கு 200 முதல் 300 யூனிட் வைட்டமின் டிதான். 400 மில்லியில் 120 யூனிட்டுக்கு மேல் வராது. மருத்துவர் எழுதிக்கொடுத்த சொட்டு மருந்தை இதை நம்பி நிறுத்திவிட வேண்டாம்.

## 5. இப்போது மாட்டைப் பற்றிப் பேசலாம்

பசும்பாலில் கொழுப்பு பொதுவாக 3.5 முதல் 4.5 சதவீதம். எருமைப் பாலில் 6 முதல் 7. புரதமும் எருமைப் பாலில் சற்று அதிகம். எருமைப் பாலை “மந்தம்” என்பதற்குப் பெரிய காரணம் அந்தக் கொழுப்பு. காய்ச்சி ஆறவிட்டு, குளிர்பதனப் பெட்டியில் வைத்து, மேலே படியும் ஆடையை எடுத்துவிட்டால் கொழுப்பு கணிசமாகக் குறையும். 2 வயதுக்கு மேற்பட்ட பிள்ளைக்கு அப்படிக் கொடுக்கலாம். கவர் பால் வாங்குகிறவர்களுக்கு இந்தப் பிரிவே தேவையில்லை. அங்கே பெரும்பாலும் பசும்பாலும் எருமைப் பாலும் கலந்து, சொன்ன எண்ணுக்குக் கொண்டுவந்துதான் அடைக்கிறார்கள்.

வெள்ளாட்டுப் பால் எளிதில் செரிக்கும் என்ற பெயர் எடுத்தது. அதில் ஃபோலிக் அமிலம் மிகக் குறைவு. அதையே முழு ஆகாரமாக்கினால் அந்தக் குறையால் வரும் ரத்தசோகை உண்டாகும். எல்லாம் சாப்பிடுகிற 5 வயதுப் பிள்ளைக்கு ஒரு டம்ளர் கொடுப்பதில் தவறில்லை. சாப்பாடு இன்னும் பழகாத பிள்ளைக்கு வேண்டாம்.

ஏ2 பால் என்று லிட்டருக்கு இரண்டு மூன்று மடங்கு விலை சொல்கிறார்கள். பாலிலுள்ள பீட்டா கேசின் புரதத்தின் ஒரு வகைதான் ஏ2. பிள்ளைகளின் வளர்ச்சிக்கு அது மேலானது என்று உறுதியாகவில்லை. 2024 ஆகஸ்டில் இந்தப் பெயரை உறைகளிலிருந்து நீக்கச் சொல்லி ஆணையம் உத்தரவிட்டது, சில நாளிலேயே திரும்பவும் பெற்றுக்கொண்டது. விற்கிறவர்கள் சொல்லாத ஒன்று உண்டு: எருமைப் பாலும் ஏ2 வகைதான். அந்தக் காசுக்கு வாரம் முழுக்க முட்டை வாங்கலாம்.

## 6. எங்கே வாங்குவது: கவரா, கறவையா, டெட்ரா பேக்கா

கவர் பால் 72 டிகிரி செல்சியஸில் 15 விநாடி சூடாக்கிப் பதப்படுத்தியது. பால் கெடுவது பெரும்பாலும் தொழிற்சாலையில் இல்லை, கடை வாசலில்தான். காலை 5 மணிக்கு இறக்கிய கூடை 8 மணி வரை வெயிலில் நின்றால் பதப்படுத்தியதன் பலன் போய்விடும். கவரைத் தொட்டுப் பாருங்கள், சில்லென்று இருக்க வேண்டும். உப்பிய கவரைத் தொடவே வேண்டாம்.

கறவைப் பால் என்றால், மாடு எங்கே நிற்கிறது, யார் கறக்கிறார் என்று தெரிந்த இடத்தில் வாங்குங்கள். “கறந்த சூட்டில் குடித்தால் பலம்” என்று பச்சைப் பாலைப் பிள்ளைக்குக் கொடுப்பது ஆபத்து. புருசெல்லா, காசநோய்க் கிருமி, ஈ.கோலை போன்ற கிருமிகள் அந்த வழியாக வரக்கூடும்.

கலப்படத்துக்குத்தான் எல்லோரும் அஞ்சுகிறார்கள். 2018இல் நாடு முழுக்க 6,432 பால் மாதிரிகளை ஆணையம் சோதித்தபோது, உயிருக்குக் கேடான கலப்படம் இருந்தது 12இல் மட்டும். ஆனால் 368 மாதிரிகளில் அஃப்லாடாக்சின் எம்1 என்ற பூஞ்சை நஞ்சு வரம்புக்கு மேல் இருந்தது. அதில் தமிழ்நாட்டு மாதிரிகள் 88. இது மாட்டுத் தீவனத்தின் வழியாக வருவது. ஈரத்தில் பூசணம் பிடித்த கடலைப் புண்ணாக்கும் மக்காச்சோளமும் முக்கிய வழிகள். காய்ச்சினால் போகாது. அதனால் பால்காரரிடம், “தண்ணி கலப்பீங்களா?” என்று கேட்பதோடு, “புண்ணாக்கை எங்கே வைக்கிறீங்க?” என்றும் கேளுங்கள். மழைக்காலத்தில் அந்தச் சாக்கை ஒருமுறை நேரில் பார்த்துவிடுவது நல்லது.

தண்ணீரைக் கண்டுபிடிக்க, சாய்த்துப் பிடித்த வழவழப்பான தட்டில் ஒரு சொட்டு விடுங்கள். நல்ல பால் மெதுவாக ஓடி வெள்ளைத் தடம் விடும், தண்ணீர் கலந்தது தடமின்றி ஓடிவிடும். மாவு கலந்திருந்தால் காய்ச்சி ஆறிய பாலில் இரண்டு சொட்டு அயோடின் விட்டதும் நீலமாகும்.

டெட்ரா பேக் பால் 135 டிகிரிக்கு மேல் சில விநாடி சூடாக்கி, காற்றும் வெளிச்சமும் புகாமல் அடைத்தது. மாதக்கணக்கில் கெடாததால் மருந்து கலந்திருப்பார்கள் என்று சந்தேகப்படுகிறவர்கள் உண்டு. அந்தச் சூடுதான் காரணம், மருந்து தேவையில்லை. பயணத்துக்கும் குளிர்பதனப் பெட்டி இல்லாத வீட்டுக்கும் இது நல்ல தேர்வு. திறந்த பிறகு மட்டும் அது சாதாரணப் பால்தான். குளிரில் வைத்து இரண்டு நாளில் தீர்த்துவிட வேண்டும்.

## 7. காய்ச்சும்போது தண்ணீரை மறந்துவிடுங்கள்

பிள்ளைப் பாலில் தண்ணீர் கலக்கும் பழக்கம்தான், நல்ல பால் வாங்கியும் பலன் கிடைக்காமல் போவதற்குப் பெரிய காரணம். பாதிக்குப் பாதி கலந்தால் புரதமும் கால்சியமும் பாதியாகிறது, வயிறு மட்டும் முழுதாக நிறைகிறது.

“ஆரஞ்சுப் பால் கெட்டி, அதனால் கொஞ்சம் தண்ணி” என்பதையும் கணக்கிட்டுப் பாருங்கள். 6 சதவீதப் பால் 750 மில்லியில் 250 மி.லி. தண்ணீர் கலந்தால் கொழுப்பு 4.5 ஆகிறது, பச்சைக் கவர் அளவு. ஆனால் மற்ற திடப்பொருள் 9இலிருந்து 6.75க்கு இறங்கிவிடுகிறது. பச்சைக் கவரில் அது 8.5. கொழுப்புக் குறைய வேண்டுமானால் கொழுப்புக் குறைந்த கவரை வாங்குங்கள். 1 வயது முடிந்த பிள்ளைக்கு எந்தப் பாலிலும் தண்ணீர் தேவையில்லை.

காய்ச்சுவது எளிது. அடிகனமான பாத்திரம், நடுத் தீ, கரண்டியால் கிளறல். பொங்கி வந்ததும் தீயைக் குறைத்து இரண்டு மூன்று நிமிடம். பிறகு பாத்திரத்தைத் தண்ணீர்த் தட்டில் வைத்து ஆற்றி, ஒரு மணி நேரத்துக்குள் குளிரில் வைத்துவிடுங்கள். ஒவ்வொரு வேளைக்கும் முழுப் பாத்திரத்தையும் மறுபடி மறுபடி கொதிக்க வைத்தால் பி12, ஃபோலிக் அமிலம் போன்றவை குறைந்துகொண்டே வரும். வேண்டிய அளவை மட்டும் ஊற்றிச் சூடாக்குங்கள்.

## 8. புதுப் பாலுக்குப் பத்து நாளில் மாறுங்கள்

முதல் மூன்று நாள் பழைய பால் முக்கால், புதிய பால் கால். அடுத்த மூன்று நாள் பாதிக்குப் பாதி. பிறகு மூன்று நாள் கால், முக்கால். பத்தாம் நாள் முழுதும் புதியது. குடலுக்கு இது தேவைப்படாத பிள்ளைகளும் உண்டு. ஆனால் நாக்குக்கு எல்லாப் பிள்ளைக்கும் தேவை. ஒரே நாளில் மாற்றி, பிள்ளை துப்பியதும், “இந்தப் பால் ஒத்துக்கலை” என்று முடிவு கட்டிவிடுகிறார்கள்.

வயிற்றுப்போக்கு, காய்ச்சல், தடுப்பூசி, பள்ளியில் சேர்த்த வாரம், இந்த நாள்களில் மாற்றாதீர்கள். ஏதாவது ஆனால் எதனால் ஆனது என்று தெரியாது. கூடவே வேறு புது உணவையும் தொடங்காதீர்கள்.

நேரத்தையும் இப்போதே திருத்திக்கொள்ளலாம். காலையில் ஒன்று, மாலை 4 மணி வாக்கில் ஒன்று. இரவில் பாட்டிலை வாயில் வைத்துக்கொண்டே தூங்கினால் முன்பற்கள் சொத்தையாகும். 12 மாதத்திலிருந்தே டம்ளருக்குப் பழக்கி, ஒன்றரை வயதுக்குள் பாட்டிலை ஒழித்துவிடுங்கள். அரசு கொடுக்கும் இரும்புச் சத்து டானிக்கையோ, பள்ளியில் வாரம் ஒருமுறை தரும் மாத்திரையையோ பாலோடு கொடுக்காதீர்கள். இரண்டு மணி நேரமாவது இடைவெளி வேண்டும்.

## 9. ஒத்துக்கொள்ளவில்லை என்றால், எது என்று பிரித்துப் பாருங்கள்

இரண்டு வேறு கோளாறுகளை ஒரே பெயரில் சொல்லிக் குழப்பிக்கொள்கிறோம்.

ஒன்று பால் புரத ஒவ்வாமை. பெரும்பாலும் முதல் வயதிலேயே தெரிந்துவிடும். தடிப்பு, வாந்தி, மலத்தில் ரத்தம், விடாத கரப்பான் என்ற தோல் அரிப்பு. முகம் வீங்கினாலோ மூச்சு இரைத்தாலோ உடனே மருத்துவமனை. இதற்கு மாட்டை மாற்றிப் பயனில்லை. பசும்பால் புரதம் ஒத்துக்கொள்ளாத பிள்ளைகளில் பத்தில் ஒன்பது பேருக்கு ஆட்டுப் பாலும் ஆகாது, எருமைப் பாலும் அப்படித்தான். ஏ2 என்று எழுதியதும் ஆகாது.

மற்றொன்று, பால் சர்க்கரையான லாக்டோஸ் செரிக்காமை. வயிறு உப்பும், காற்றுப் பிரியும், புளித்த வாடையுடன் தண்ணீராகப் போகும். 5 வயதுக்கு முன் இது தானாக வருவது அரிது. பெரும்பாலும் கடுமையான வயிற்றுப்போக்குக்குப் பிறகு சில வாரம் இருந்துவிட்டுப் போய்விடும். அந்த நாள்களில் பாலைக் குறைத்துத் தயிர் கொடுங்கள். உறையும்போதே லாக்டோஸில் ஒரு பங்கு செரித்துவிடுவதால் தயிர் பெரும்பாலும் ஒத்துக்கொள்ளும். தாய்ப்பாலை நிறுத்த வேண்டாம். மூன்று நான்கு வாரம் கழித்து 50 மில்லியில் தொடங்கிப் பாருங்கள். ஒருமுறை ஆகவில்லை என்பதற்காக ஆயுளுக்கும் பாலை விலக்கிவிடுவதுதான் இங்கே நடக்கும் பிழை.

## 10. பாலில் கலப்பதும், பாலுக்குப் பதில் கொடுப்பதும்

2 வயது வரை சர்க்கரையே வேண்டாம். பனங்கற்கண்டும் நாட்டுச் சர்க்கரையும் சர்க்கரைதான். 1 வயதுக்குள் தேன் கூடவே கூடாது, பாட்டுலிசம் என்ற கொடிய நச்சுப் பாதிப்பு வரக்கூடும்.

‘உயரமாக வளர’ என்று விற்கும் மால்ட் பொடிகளில் சர்க்கரை எத்தனை கிராம் என்று பின்பக்கம் படியுங்கள். ‘ஹெல்த் டிரிங்க்’ என்ற ஒரு வகை நம் உணவுச் சட்டத்தில் இல்லை. அந்தத் தலைப்பிலிருந்து இவற்றை நீக்கும்படி 2024 ஏப்ரலில் மத்திய அரசு இணைய விற்பனைத் தளங்களுக்குச் சொன்னது. மணம் வேண்டுமானால் ஏலக்காய், சிட்டிகை மஞ்சள், பேரீச்சம்பழ விழுது.

டீ, காபிக்கென்று விற்கும் பால் பவுடர் பலவற்றில் சர்க்கரை சேர்த்திருப்பார்கள். அவசரத்துக்குப் பவுடர் வாங்கினால் ‘ஹோல் மில்க் பவுடர்’ என்று இருக்கிறதா, பொருள் பட்டியலில் சர்க்கரை இல்லையா என்று பார்த்து வாங்குங்கள்.

பாதாம் பால் பெயரில் மட்டும்தான் பால். கடையில் விற்பதில் 100 மில்லிக்குப் புரதம் அரை கிராம் அளவே இருக்கும், பசும்பாலில் 3 கிராமுக்கு மேல். தேங்காய்ப் பாலில் கொழுப்பு உண்டு, புரதமும் கால்சியமும் போதாது. மாட்டுப் பாலை விலக்க வேண்டிய 1 வயது கடந்த பிள்ளைக்குப் புரதத்தில் நெருங்கி வருவது கால்சியம் சேர்த்த, இனிப்பில்லாத சோயா பால். ஒவ்வாமையுள்ள சில பிள்ளைகளுக்குச் சோயாவும் ஆகாது, அதனால் மருத்துவரிடம் கேட்டுத் தொடங்குங்கள்.

பாலே பிடிக்காத பிள்ளையோடு மல்லுக்கட்ட வேண்டாம். தயிர், மோர்க்குழம்பு, பனீர் என்று கொடுங்கள். 100 கிராம் கேழ்வரகில் 350 மி.கி. அளவுக்குக் கால்சியம் இருக்கிறது. எள்ளுருண்டை, முருங்கைக்கீரை, முள்ளோடு மென்று தின்னும் நெத்திலி எல்லாம் கணக்கில் சேரும்.

## 11. மறுபடி கணக்குப் பார்க்க வேண்டிய நாள்கள்

2 வயது முடியும்போது ஒருமுறை, 5இல் ஒருமுறை. அதைவிட முக்கியம் 10 வயது. அதுவரை 650 மில்லிகிராமாக இருந்த கால்சியம் தேவை அங்கே 850க்குத் தாவுகிறது, 13இல் 1,000 ஆகிறது. சரியாக அந்த வயதில்தான் பிள்ளைகள் பாலை விட்டு டீக்குப் போகிறார்கள், பெற்றோரும் “பெரியவனாகிட்டான்” என்று கவரைக் குறைக்கிறார்கள். 500 மி.லி. பாலும் தயிருமாகச் சேர்த்தால் 590 மி.கி. வரும். மிச்சம் 400க்கு ஒரு வேளை கேழ்வரகு அடை, ஒரு வேளை கீரை, ஓர் எள்ளுருண்டை என்று அன்றைய சாப்பாட்டில் இடம் ஒதுக்குங்கள். மாலை டீயை நிறுத்த முடியாவிட்டால் அதைச் சாப்பாட்டிலிருந்து ஒரு மணி நேரமாவது தள்ளி வையுங்கள்.